குலக்கல்வி என்று தேடினால் கிடைக்காது: சட்டமன்றப் பழைய ஏடுகளைக் காப்பதும் திறப்பதும்

1953 ஜூலை இறுதியில் சென்னை சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் வாக்கெடுப்புக்கு வந்தது. கிராமத் தொடக்கப் பள்ளிகளில் ராஜாஜி அரசு கொண்டுவந்த அரைநேரப் படிப்புத் திட்டத்தைக் கைவிட வேண்டும் என்பது கோரிக்கை. ஆதரவு 138, எதிர்ப்பு 138. தீர்மானம் தேறவில்லை. அடுத்து, திட்டத்தை நிறுத்திவைத்து வல்லுநர் குழுவிடம் ஒப்படைக்கலாம் என்ற தீர்மானம் வந்தது. அது 139–137 என்று நிறைவேறியது. பருலேகர் தலைமையிலான அந்தக் குழு அதன் பிறகுதான் வந்தது. மறு ஆண்டு மே மாதம் காமராசர் அமைச்சரவை திட்டத்தையே எடுத்துவிட்டது.

இதெல்லாம் பலரும் அறிந்த வரலாறு. ஆனால் யார் யார் எந்தப் பக்கம் வாக்களித்தார்கள், ஆளுங்கட்சி வரிசையிலிருந்து நழுவியவர்கள் யார், வாக்குகள் சமமாக நின்றபோது சபாநாயகர் சொன்னது என்ன என்று நிறுவ வேண்டுமானால், அன்றைய அவை நடவடிக்கைகளின் அச்சு ஏடு கையில் வேண்டும். அதைத் தேடிப் போகிறவர்கள் வழக்கமாக இரண்டு இடத்தில் இடறுகிறார்கள். ஒன்று, சட்டத் தொகுப்பில் தேடுவது. இந்தத் திட்டம் சட்டமாக வரவே இல்லை, நிர்வாக உத்தரவாக வந்தது. இன்னொன்று, ‘குலக்கல்வி’ என்ற சொல்லைக் கொண்டு தேடுவது. அது எதிர்த்தவர்கள் சூட்டிய பெயர். அரசுத் தாள்களில் அது ‘திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம்’ என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில்தான் இருக்கிறது.

ஏடு பூச்சி அரிக்காமல் தப்பியிருக்கலாம், ஸ்கேனும் ஆகியிருக்கலாம். தேடுகிறவரின் சொல்லிலிருந்து ஏட்டின் சொல்லுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி இல்லையென்றால் அது இன்னும் பூட்டிய அலமாரிதான். பாதுகாப்புக்குச் செலவாகும் பணத்தில் பெரும்பகுதி தாளுக்கும் கேமராவுக்கும் போகிறது. இந்த வழிக்கு மிஞ்சுவது சொற்பம்.

எது சட்டமன்ற ஆவணம்?

பெரும்பாலோர் மனதில் வருவது பேச்சுகள் அச்சான தொகுதிகள். அது ஒரு பகுதி மட்டுமே. சட்டமுன்வடிவு ஒவ்வொரு கட்டத்திலும் எப்படி இருந்தது, தெரிவுக் குழுவின் அறிக்கை, அதில் உறுப்பினர்கள் எழுதிய மாறுபட்ட கருத்து, உடுக்குறி வினாக்களுக்கு வாய்மொழியாகவும் உடுக்குறியில்லா வினாக்களுக்கு எழுத்திலும் தந்த பதில், அவை முன் வைக்கப்பட்ட ஏடுகள், மானியக் கோரிக்கைகளும் அவற்றோடு வந்த கொள்கை விளக்கக் குறிப்புகளும், வாக்குப் பிரிவுப் பட்டியல், ஆளுநர் உரை, குழுக்களின் நிகழ்ச்சிக் குறிப்பு என்று நீளும். இவற்றில் பல அச்சேறியவை. அச்சேறாதவையும் உண்டு: அனுமதிக்கப்படாத வினாக்களின் அறிவிப்பு, பதில் தயாரிக்கும்போது துறைகளுக்குள் நடந்த கடிதப் போக்குவரத்து, வரைவுக்கு மேல் வரைவு. ஓர் அமைச்சர் அவையில் சொன்ன இரண்டு வரிப் பதிலுக்குப் பின்னால் கோப்பில் நாற்பது பக்கக் குறிப்பு இருக்கும். ஆய்வாளருக்குப் பல நேரம் அந்த நாற்பது பக்கம்தான் தேவை.

இவை ஒரே இடத்திலும் இல்லை. அச்சுத் தொகுதிகள் பேரவை நூலகத்தில் இருக்கும். துறைக் கோப்புகளும் அரசாணைகளும் எழும்பூரில் 1909இல் கட்டி முடித்த கட்டடத்தில் இயங்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குப் போகும். சட்டமுன்வடிவுகளும் சட்டங்களும் அரசிதழில், அதாவது அந்நாளைய செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டில் இருக்கும். அவையே இடம் மாறிக்கொண்டிருந்தது: 1937இல் செனட் ஹவுஸ், பிறகு ராஜாஜி மண்டபம், 1952இல் ஓமந்தூரார் வளாகத்துப் புதுக் கட்டடம், பிறகு கோட்டை. 1959இல் ஒருமுறை உதகையிலும் கூடியது. 1986 நவம்பர் 1இல் மேலவை ஒழிந்தபோது அதன் ஏடுகளைத் தொடர்ந்து பார்த்துக்கொள்ள ஓர் அவை இல்லாமல் போனது. கேட்பாரற்ற தொகுப்பு என்றால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரே பொருள் இரண்டு மன்றங்களில் பிரிந்து கிடப்பதும் உண்டு. ‘தமிழ்நாடு’ பெயர் மாற்றத் தீர்மானம் 1967 ஜூலை 18இல் சென்னையில் நிறைவேறியது. சட்டம் 1968இல் டெல்லியில் ஆனது, நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14. சென்னைத் தொகுதியை மட்டும் புரட்டுகிறவருக்குச் சட்டம் கிடைக்காது, நாடாளுமன்றத் தொகுதியை மட்டும் புரட்டுகிறவருக்குத் தீர்மானத்தின் மீதான பேச்சு கிடைக்காது. பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிய 1921 ஏப்ரல் முடிவும் இப்படித்தான். அது அந்நாளைய ஒரே அவையான சென்னை சட்டமன்றக் கவுன்சிலின் தீர்மானம். சட்டப் பட்டியலில் இருக்காது.

அச்சு ஏடும் மூலமல்ல

அவையில் சுருக்கெழுத்து நிருபர்கள் சில நிமிடங்களுக்கு ஒருவராக மாறி மாறி உட்கார்ந்து குறிப்பெடுப்பார்கள். வெளியே வந்து விரித்து எழுதிய பிரதி, பேசிய உறுப்பினரிடம் திருத்தத்துக்குப் போகும். இலக்கணப் பிழை, எண் பிழை மட்டும் திருத்தலாம் என்பது மரபு. கருத்தை மாற்றக் கூடாது. பழைய சென்னைத் தொகுதிகளில் சில பேச்சுகளின் தொடக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி இருக்கும். உறுப்பினர் பார்த்துத் திருத்திய பேச்சு என்று அதற்குப் பொருள். குறி இல்லாத பேச்சு, நிருபர் எழுதியபடி அச்சானது. ஆய்வாளருக்கு இது தங்கம் போன்ற தகவல். ஸ்கேன் செய்து, படத்திலுள்ள எழுத்தைத் தேடக்கூடிய உரையாக்கும் எழுத்துணரியில் ஓட்டும்போது முதலில் காணாமல் போவதும் இந்தக் குறிதான், தூசி என்று மென்பொருள் துடைத்துவிடுகிறது.

அவைக் குறிப்பிலிருந்து நீக்கியவை வேறு விவகாரம். நீக்கிய இடத்தில் ஒரு குறியோ குறிப்போ நிற்கும், சொல் நிற்காது. பீகார் சட்டமன்றத்தில் 1957 மே மாதம் நீக்கப்பட்ட பேச்சைப் பாட்னாவின் சர்ச்லைட் நாளேடு முழுசாக அச்சிட்டபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது; நீக்கிய பகுதியை வெளியிடுவது உரிமை மீறலாகும் என்று 1958 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. எனவே காப்பகத்தில் சுருக்கெழுத்துப் பிரதியோ ஒலிநாடாவோ தப்பியிருந்தால், அதைப் பொதுவில் வைக்கும் முன் அச்சுத் தொகுதியோடு ஒப்பிட்டுப் பார்த்தே ஆக வேண்டும். ஒலிநாடாவுக்கு அதைவிட அவசரமான சிக்கல் ஒன்றுண்டு. நாடா இருக்கும், ஓட்டுகிற கருவி இருக்காது.

நான்கு மொழி, நான்கு மாநிலம்

1952இல் கூடிய சட்டமன்றத்தில் உறுப்பினர்கள் 375 பேர். ஸ்ரீகாகுளத்திலிருந்து கன்னட மாவட்டம் வரை, மலபார் உட்பட. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரம் பிரிந்தது, 1956 நவம்பர் 1இல் மலபாரும் தென் கன்னடமும் போயின. ஆகவே 1953 ஜூலைத் தொகுதியைத் திறந்தால் ஆங்கிலத்துக்கு நடுவே தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என்று பேசிய மொழியின் எழுத்திலேயே அச்சாகியிருக்கும்.

இதில் ஒரு நல்லதும் இருக்கிறது. பழைய சென்னை மாகாணத்தின் தொகுதிகள் சென்னைக்கு மட்டும் சொந்தமல்ல. எழும்பூர் கன்னிமாரா நூலகம், அண்டை மாநிலத் தலைநகரங்களின் பெரிய நூலகங்கள், லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பு என்று படிகள் சிதறி இருக்க வாய்ப்புண்டு. சென்னைப் படியில் 40 பக்கம் கிழிந்திருந்தால் வேறு ஊர்ப் படியில் அது இருக்கலாம். எனவே ஸ்கேன் தொடங்கும் முன் செய்ய வேண்டிய வேலை இருப்புக் கணக்கு: எந்தத் தொகுதி, எந்த எண், எந்த நாளுக்கு எங்கே நல்ல படி இருக்கிறது என்று ஓர் அட்டவணை. இதைத் தவிர்த்துவிட்டு இறங்கினால், ஒரே தொகுதியை மூன்று நிறுவனங்கள் மூன்று முறை ஸ்கேன் செய்வதும், கிடைக்காத தொகுதி மூன்றிடத்திலும் கிடைக்காமலே இருப்பதும்தான் மிச்சம்.

தாள் ஏன் நொறுங்குகிறது

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து அச்சுத்தாள் மரக்கூழில் செய்யப்பட்டது. மை ஊறாமலிருக்கப் படிகாரமும் குங்கிலியமும் சேர்த்தார்கள். அந்தப் படிகாரம் ஈரத்தில் அமிலமாகித் தாளின் நாரை உள்ளிருந்தே அறுக்கிறது. 1820இல் கந்தல்துணிக் கூழில் செய்த கும்பினித் தாள் இன்றும் வளையும். 1943இன் போர்க்காலத் தாள் பக்கத்தைப் புரட்டும்போதே மூலையில் ஒடியும். பழையது மோசம், புதியது பரவாயில்லை என்ற கணக்கு இங்கே தலைகீழ்.

எளிய சோதனை ஒன்று போதும். பக்கத்தின் கீழ் மூலையை முன்னும் பின்னுமாக மடித்துப் பாருங்கள். நான்கு இரட்டை மடிப்புக்குள் ஒடிந்தால் அது நொறுங்கும் தாள். கட்டு பிரித்துப் பழுது பார்க்காமல் வாசகர் கையில் கொடுக்கக் கூடாது. அமிலத்தன்மையைப் பேனா வடிவச் சோதனைக் கோலால் பார்க்கலாம். பி.எச். 5.5க்குக் கீழே என்றால் அமிலநீக்கம் தேவை. பழைய முறையில் 0.15 விழுக்காடு கால்சியம் ஹைட்ராக்சைடு நீரில் 20 நிமிடம், பிறகு கால்சியம் பைகார்பனேட் நீரில் 20 நிமிடம் ஊறவைத்து உலர்த்துவார்கள். நனைக்கும் முன் ஒவ்வொரு மையையும் துளி நீரால் சோதிக்க வேண்டும். அச்சு மை நிற்கும். ஊதா ரப்பர் முத்திரையும் சிவப்புமைக் கையெழுத்தும் கரைந்து ஓடும், பக்கத்தின் நடுவில் ஊதா மேகம் நிற்கும்.

கிழிசலுக்கு மெண்டர்கள், அதாவது ஏடு பழுதுபார்ப்பவர்கள், பயன்படுத்துவது ஜப்பானிய டிஷ்யூத் தாளும் கோதுமை மாவுப்பசையும். ஒரு பங்கு ஸ்டார்ச்சுக்கு நான்கைந்து பங்கு நீர், மெல்லிய தீயில் கிளறிக்கொண்டே காய்ச்சி, ஆறியபின் சல்லடையில் தேய்த்துத் தேவைக்கு நீர்த்துக்கொள்வது. இதன் அருமை, நாளை வேறொருவர் தண்ணீர் தொட்டு இதைப் பிரித்துவிடலாம் என்பது. செலோடேப் பிரியாது. சில ஆண்டுகளில் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்புப் பட்டையாகத் தாளுக்குள் இறங்கி எழுத்தை மறைக்கும். அலுவலகங்களில் நல்லெண்ணத்தோடு ஒட்டிய செலோடேப், கரையானுக்கு இணையாகச் சேதம் செய்திருக்கிறது. குண்டூசியும் ஸ்டேப்பிளும் சென்னைக் காற்றில் துருவேறித் தாளைத் துளைக்கும். கட்டுக்குச் சாயமேற்றிய சிவப்பு நாடாவைவிட வெளுக்காத பருத்தி நாடா நல்லது, நனைந்தால் சாயம் இறங்காது.

இந்திய ஆவணக் காப்பகங்களில் பல்லாண்டு வழக்கில் இருந்த முறை, தாளின் இருபக்கமும் அசிடேட் படலமும் டிஷ்யூவும் வைத்து அசிட்டோன் தடவி ஒட்டுவது. மின்சாரமோ பெரிய இயந்திரமோ வேண்டாம் என்பதால் பரவியது. அமிலம் நீக்காமல் இப்படி மூடிய தாள், படலத்துக்குள்ளேயே தொடர்ந்து பழுத்துக்கொண்டிருக்கும். பழைய தொகுப்பில் இப்படி லேமினேட் செய்த பக்கம் கண்ணில் பட்டால், எப்போது செய்தது, அமிலநீக்கம் நடந்ததா என்று பதிவேட்டில் பார்க்காமல் கை வைக்காதீர்கள்.

காற்றின் ஈரம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை கிளம்பும். சென்னையில் பாதி ஆண்டுக்கு மேல் அதைத் தாண்டியே இருக்கும். ஈரம் 45–55, வெப்பம் 20–24 டிகிரி என்பது ஏட்டளவு இலக்கு. அலுவலக நேரத்தில் ஏசி ஓடி இரவில் நிற்பதுதான் ஆகக் கெடுதல். தினமும் குளிர்ந்து தினமும் வியர்த்துத் தாள் சுருங்கி விரிகிறது. இதைவிட ஏசியே இல்லாமல் நல்ல காற்றோட்டமும் சுவரிலிருந்தும் தரையிலிருந்தும் 15 செ.மீ. தள்ளிய இரும்பு அடுக்கும் மேல். இராமபாணப் பூச்சிக்கும் புழுவுக்கும் நஞ்சு தூவுவதற்குப் பதில், கட்டைப் பாலித்தீனில் காற்றுப் புகாமல் கட்டி மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரமாவது வைக்கலாம். எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைப் பிரிக்கக் கூடாது. பிரித்தால் குளிர்ந்த தாளில் வெளிக்காற்றின் ஈரம் படிந்து, பூச்சிக்குப் பதில் பூஞ்சையை வரவழைத்த கதையாகிவிடும். வெள்ளத்தில் நனைந்த ஏட்டுக்கும் குளிர்பெட்டிதான் முதல் உதவி. 48 மணி நேரத்துக்குள் உறையவைத்துவிட்டால் அப்புறம் நிதானமாக உலர்த்தலாம், வெயிலில் காயப்போட்டால் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கல்லாகிவிடும்.

ஸ்கேனில் தொலைவது

கணக்கு எளிது. ஒரு பக்கம் 6.5 அங்குல அகலம், 10 அங்குல உயரம் என்று வைத்துக்கொள்வோம். அங்குலத்துக்கு 400 புள்ளி வீதம் எடுத்தால் 2,600க்கு 4,000, அதாவது ஒரு கோடியே நான்கு லட்சம் புள்ளி. வண்ணத்தில் சுருக்காத டிஃப் கோப்பாகச் சேமித்தால் பக்கத்துக்கு 31 எம்.பி. தொள்ளாயிரம் பக்கத் தொகுதி ஒன்று 28 ஜி.பி. நூறு தொகுதிகள் 2.8 டி.பி.; மூன்று படி எடுத்து ஒன்றை வேறு ஊரில் வைத்தாலும் 8.4 டி.பி.தான். இன்றைய விலையில் வன்வட்டு பெரிய செலவே அல்ல. ஆனாலும் ஒப்பந்தப்புள்ளிகளில் ‘கறுப்பு வெள்ளை, 200 புள்ளி, பிடிஎஃப்’ என்று எழுதிக் காசு மிச்சம் பிடிக்கிறார்கள். அந்த மிச்சம் தமிழுக்குத்தான் கேடு.

காரணம், புள்ளி. சாம்பல் நிழல்களே இல்லாமல் கறுப்பு அல்லது வெள்ளை என்று வெட்டும்போது, தேய்ந்த அச்சில் மெய்யெழுத்தின் மேல் நிற்கும் புள்ளி வெள்ளைப் பக்கம் விழுந்துவிடும். ‘மறுத்தார்’ என்பது ‘மறுததார’ ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு ஐ எழுத்தின் புள்ளி போனால் வாசிப்பு கெடாது. தமிழில் சொல்லே மாறிப்போகிறது, தேடினால் சிக்காது. எதிர்ப்பக்க மை ஊடுருவிய தாளில் இதற்கு நேர்மாறாக, இல்லாத புள்ளிகள் முளைக்கும். எனவே மூலப் படம் வண்ணத்திலோ சாம்பலிலோ இருக்க வேண்டும். இணையத்தில் தரும் சிறிய படி எப்படியும் இருக்கலாம்.

அடுத்தது முதுகு. கட்டின் முதுகை வெட்டித் தாள்களைத் தனித்தனியாக இயந்திரத்தில் ஓட்டுவது வேகம். நொறுங்கும் தாள் உருளையில் சிக்கிப் பொடியாகும், வெட்டிய கட்டில் உள் ஓரத்துப் பக்க எண்களும் ஓரக் குறிப்புகளும் போகும். ஒரே படி மட்டுமே மிஞ்சியிருக்கும் தொகுதியை வெட்டவே கூடாது. வி வடிவத் தாங்கியில் பாதி திறந்து வைத்து மேலிருந்து கேமராவில் எடுக்க வேண்டும். வினாக்களுக்கான பதில்களோடு வரும் மடிப்புத்தாள் அட்டவணைகள் இன்னொரு பள்ளம். மாவட்டவாரிக் கணக்கு, பணியாளர் வகுப்புவாரிப் பட்டியல் எல்லாம் அகலமான தாளில் மடித்துத் தைத்திருப்பார்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இடத்தில் அதை விரித்து எடுக்க யாருக்கும் நேரமிருக்காது. மடித்தபடியே ஒரு படம், அடுத்த பக்கம். தரம் பார்ப்பவர் பக்க எண்ணிக்கையை மட்டும் சரிபார்த்தால் இது தெரியவராது. மடிப்புத்தாள்களைத் தனிப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தால்தான் தெரியும்.

படம் எடுத்த அன்றே ஒவ்வொரு கோப்புக்கும் சரிபார்ப்பு எண் கணக்கிட்டுத் தனியே வைத்துவிட வேண்டும். ஆண்டுக்கொரு முறை மீண்டும் கணக்கிட்டு ஒப்பிட்டால் எந்தக் கோப்பு கெட்டது என்று தெரியும். பழைய நுண்படச் சுருளை இதனால் தூக்கி எறியவும் வேண்டாம். பாலியெஸ்டரில் எடுத்த வெள்ளி நுண்படம் நல்ல சூழலில் 500 ஆண்டு நிற்கும் என்று கணிக்கிறார்கள், படிக்க ஒரு விளக்கும் ஒரு லென்சும் போதும்.

எழுத்துணரிக்குத் தெரியாதவை

1978 அக்டோபரில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வரும் முன் ணா, றா, னா, அவற்றின் ஒகர ஓகார வடிவங்கள், ணை, லை, ளை, னை ஆகிய 13 எழுத்துகள் பழைய கூட்டு வடிவில் அச்சாயின. புதிய எழுத்தில் மட்டும் பழக்கிய எழுத்துணரி அவற்றை ஏதோ ஒரு கிறுக்கல் என்று விட்டுவிடும். இதற்கு நிவாரணம் உண்டு: யூனிகோடில் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் குறியீடு ஒன்றே. 1978க்கு முந்தைய அச்சிலிருந்து சில நூறு பக்கத்தைக் கையால் திருத்தி அதைக் கொண்டு பழக்கினால், வெளிவரும் உரை இன்றைய தேடலுக்கு நேராகவே பொருந்தும். ‘ர’வும் துணைக்காலும் ஒன்றுபோலத் தெரியும் பழைய அச்சுக்கு அகராதிச் சரிபார்ப்பும் சேர வேண்டும்.

அட்டவணையில் வேறொரு பொறி இருக்கிறது. 1957 ஏப்ரல் 1க்கு முன் பணக் கணக்கு ரூபாய், அணா, பை என்று மூன்று பத்தியாக நிற்கும். 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஓர் அணா. ‘12 8 6’ என்று நிற்பதை எழுத்துணரி 1286 என்று ஒட்டிவிடும். பன்னிரண்டரை ரூபாய்ச் சொச்சம் ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. வருவாய்த் துறைப் பதில்களில் வரும் பசலி என்ற வருவாய்க் கணக்கு ஆண்டுக்கும் இதே கவனம் வேண்டும்: பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு, தொடக்கம் ஜூலை. பசலி 1343 என்றால் 1933–34.

அண்மைய தொகுதிகள் கணினியில் கோத்தவை, எனவே சிக்கல் இராது என்று நினைப்பது தவறு. 2010இல் யூனிகோடு அரசின் தரமாகும் வரை வானவில் போன்ற தனிக் குறியீட்டு எழுத்துருக்கள் புழங்கின. அப்படித் தயாரித்த பிடிஎஃப் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். ஒரு வரியை நகலெடுத்து ஒட்டினால் உரோமன் எழுத்துக் குப்பை வரும், தேடினால் ஒன்றும் வராது. 1953ஐவிட 2003ஐத் தேடுவது கடினம் என்றால் நம்பமாட்டார்கள். எழுத்துருவை அடையாளம் கண்டு மாற்றியில் ஓட்டினால் இது சரியாகும். ஆனால் கோப்பில் இரண்டு எழுத்துரு கலந்திருந்தால் பத்தி பத்தியாகப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும்.

சொல் மாறிவிட்டது

உரை சுத்தமாகக் கிடைத்தாலும் வேலை முடியவில்லை. 1950களின் ஏட்டில் இருப்பவர் ‘கனம் அங்கத்தினர்’. இன்று அவர் மாண்புமிகு உறுப்பினர். மந்திரி அமைச்சரானார், சபாநாயகர் பேரவைத் தலைவரானார், மசோதா சட்டமுன்வடிவானது, சர்க்கார் அரசாயிற்று. சட்டசபை, சட்டமன்றம், சட்டப்பேரவை மூன்றும் ஒரே அவை. இன்றைய மாணவர் இன்றைய சொல்லைத்தான் தட்டச்சு செய்வார். அவர் கேட்ட சொல்லோடு அதன் மூத்த சொல்லையும் சேர்த்துத் தேடும் இணைச்சொல் பட்டியல் ஒன்றைத் தேடுபொறிக்குப் பின்னால் வைப்பது பெரிய தொழில்நுட்பமே அல்ல. ஓய்வுபெற்ற பேரவை ஊழியர் இருவரும் ஒரு மாதமும் போதும். ‘குலக்கல்வி’ என்ற சொல்லுக்கு எதிரே ‘திருத்திய தொடக்கக் கல்வித் திட்டம்’ என்று எழுதுகிற இடம் அதுதான்.

பெயர்களும் வழுக்கும். முத்துலட்சுமி ரெட்டி ஆங்கில ஏட்டில் ஓரிடத்தில் ஒரு விதமாகவும் வேறிடத்தில் வேறு விதமாகவும் எழுத்துக்கூட்டப்படுகிறார். சாதிப் பெயரை விட்டவர்கள், முன்னெழுத்தை மாற்றியவர்கள், ஒரே பெயரில் இருவர். 1952, 1957 தேர்தல்களில் இரட்டை உறுப்பினர் தொகுதிகள் இருந்ததால் தொகுதியைச் சொன்னாலும் ஒருவர் என்று முடிவாகாது. உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிலையான எண் கொடுத்து, பெயர் வடிவங்களை அதன் கீழ் அடுக்குவதுதான் வழி.

இந்திய நாடாளுமன்றத்தின் மின்னூலகம் 1850களின் சட்டமன்ற நடவடிக்கை முதற்கொண்டு திறந்துவிட்டிருக்கிறது. அது பெரிய காரியம். பிரிட்டன் நாடாளுமன்றப் பேச்சுத் தொகுப்பான ஹான்சார்டில் 1803 தொடங்கி ஒவ்வொரு பேச்சுக்கும் தனி முகவரி உண்டு, பேசியவரைச் சொடுக்கினால் அவர் பேசியதெல்லாம் வரும். இவ்வளவு செய்ய முடியாத இடத்திலும் ஆறு விவரம் கட்டாயம்: அவை, தொகுதியும் எண்ணும், அமர்வு நாள், பொருள் தலைப்பு, அதன் தொடக்கப் பக்கம், வடிவம். இந்த ஆறும் இருந்தால் உரைத்தேடல் இல்லாமலே ஆள் போய்ச் சேர்ந்துவிடலாம். ‘தொகுதி 9’ என்ற பெயரில் 900 பக்கப் பிடிஎஃப் மட்டும் ஏற்றினால், நூலகத்துக்குப் போய் அதே தொகுதியைப் புரட்டுவது விரைவு.

உரிமை பற்றிய அச்சம் பெரும்பாலும் தேவையற்றது. அரசு வெளியீட்டுக்குப் பதிப்புரிமை, வெளியான மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. 1953இல் வெளியானதற்கு 2013 முடிவோடு தீர்ந்தது. அவை முன் வைக்கப்பட்ட குழு அறிக்கைகளையும் அரசிதழில் வந்ததையும் மறு அச்சிடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே இடம் தருகிறது. அச்சேறாத கோப்புகள்தான் நெருடல். 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டம் மத்திய அரசையும் ஒன்றியப் பகுதிகளையும் மட்டும் கட்டுப்படுத்தும், மாநிலக் கோப்புக்கு அது பேசாது.

மீண்டும் 1953க்கு. வாக்கெடுப்பைத் தேடுகிறவர் நாளிலிருந்து தொடங்க வேண்டும், பொருளிலிருந்து அல்ல. அன்றைய செய்தித்தாளில் நாளை உறுதிசெய்துகொண்டு அந்த நாளின் எண்ணை எடுத்தால் தீர்மானம், பேச்சுகள், வாக்குப் பிரிவுப் பட்டியல் மூன்றும் அடுத்தடுத்துக் கிடக்கும். பேச்சில் எங்காவது அரசாணை எண் வரும். அதைக் கொண்டு எழும்பூரில் கோப்பு கேட்கும்போது எண் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்குவதால், துறை, நாள், ‘நிலை’, ‘வாலாயம்’ என்ற அரசாணை வகைகளில் எது என்பது ஆகியவற்றையும் எழுதாத விண்ணப்பம் திரும்பி வரும். கோப்பு வந்தால் அதில் பருலேகர் குழுவுக்குப் போன குறிப்புகளுக்கும் வழி இருக்கும். வாக்குப் பட்டியலில் பெயர்களை எண்ணிப் பாருங்கள். 138 வர வேண்டிய இடத்தில் 137 வந்தால் படத்தில் உள் ஓரம் மறைந்த வரியைத் தேடுங்கள். அங்கும் இல்லையென்றால் வேறு நூலகத்துப் படியின் அதே பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். அச்சுத் தொகுதி ஒன்றைக் குற்றம் சாட்டும் முன் இரண்டாவது படியையும் பார்த்தாக வேண்டும்.